பீரோவுக்குப் பின்னால் இருந்த கோடு

எனக்குப் பொறுமை கிடையாது என்று என் மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் லேப் கதவுக்கு வெளியே நின்று சொன்னால் எனக்குக் கேட்காதா என்ன? சொல்லட்டும், உண்மைதான். கூட்டங்களில் யாராவது எழுந்து, "இயற்கைய யாருங்க மேடம் கணிக்க முடியும்?" என்று பெருமூச்சு விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மழையைக் கணிப்பது என் வேலையே இல்லை. அதற்கு வானிலை ஆட்கள் இருக்கிறார்கள். இவ்வளவு மழை பெய்து ஆறு இவ்வளவு நிரம்பினால் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும், அந்த வீடு தாங்குமா, உள்ளே இருப்பவர்கள் எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் வேலை. கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த வேலை பார்ப்பவளுக்கு ஓய்வு என்பதே கிடையாது.

நான் படித்தது கட்டடப் பொறியியல். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே ஒரு பொறியியல் கல்லூரியில் கான்கிரீட் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்படியே நடத்தி ஓய்வு பெற்றிருப்பேன். ஒரு வருடம் புயல் அடித்தது. அண்ணாகிராமம் பக்கம் எங்கள் அப்பாவின் முந்திரித் தோப்பு ஒரே நாளில் படுத்துவிட்டது. அப்பா தோப்பைப் பார்த்துவிட்டு வந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அன்று மத்தியானம் நான் டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். எந்த மரம் வேரோடு வந்தது, எது பாதியில் முறிந்தது, எது நின்றது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதினேன். அப்போது எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. "மரம் விழுந்து கெடக்குது, இது டேப்ப வெச்சிகினு அளந்துகினு இருக்குது பாரு" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அந்த நோட்டில் ஆரம்பித்ததுதான் என் ஆராய்ச்சிப் படிப்பு. காற்றில் தொடங்கி வெள்ளத்துக்கு வந்து சேர்ந்தேன். வேலை கிடைத்த நாளிலிருந்து அண்ணாமலை நகரில்தான் குடியிருக்கிறேன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நான் அளக்காத ஆற்றங்கரை இந்த மாவட்டத்தில் குறைவு.

இப்போது சொல்லப்போவது நான் செய்த தப்பைப் பற்றி. மற்றவர்கள் தப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன், அதனால் இதையும் நானே சொல்வதுதான் முறை.

ஒரு கார்த்திகையில் மாவட்டம் முழுக்க வெள்ளம். தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு உயரம் நின்றது என்று தெரிந்தால்தான் என் கணினி மாடலைச் சரிபார்க்க முடியும். அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. வெள்ளம் வடிந்ததும் சுவரில் பழுப்பாக ஒரு கோடு நிற்கும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப் பிடித்தால் போதும். யாரையும் கேட்கக்கூடத் தேவையில்லை. மனிதர்கள் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள், சுவர் சொல்லாது என்று வகுப்பில் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

வெள்ளத்தால் தள்ளிப்போன செமஸ்டர் பரீட்சை முடிந்து மாணவர்களை வெளியே அனுப்ப மாசி மாதம் ஆகிவிட்டது. ஊர் ஊராகப் போய் அளந்து படிவம் நிரப்பிக் கொண்டுவந்தார்கள். கோடு இருந்த வீட்டுக்கு உயரத்தை எழுதினார்கள். கோடு தெரியாத வீட்டுக்கு அந்தக் கட்டத்தில் பேனாவால் சின்னதாக ஒரு இழுப்பு இழுத்தார்கள். இழுப்பை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கணக்குப் போடாது. அதனால் நிரலில் நானே ஒரு வரி சேர்த்தேன்: இழுப்பு இருக்கும் இடமெல்லாம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள். கோடு இல்லை என்றால் தண்ணீர் வரவில்லை. அன்றைக்கு அது எனக்கு அவ்வளவு நியாயமாகப் பட்டது.

வரைபடம் தயாரானது. ஆபத்தான ஊர்களுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், பிரச்சினை இல்லாதவற்றுக்குப் பச்சை. பரவனாற்றை ஒட்டிய ஒரு ஊர் பச்சையாக வந்தது. என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, வாழ்க்கைப்பட்ட ஊர் அது. வெள்ள சமயத்தில் போன் போட்டுக் கேட்டபோதே, "வாசலோட வந்துட்டுப் போயிடுச்சி அண்ணி, உள்ள வரல" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னதும் வரைபடம் சொன்னதும் ஒத்துப்போனதில் எனக்கு ஏக சந்தோஷம்.

அந்த வரைபடத்தை மாவட்ட நிர்வாகம் வாங்கிக்கொண்டது. அடுத்த மழைக்காலத்துக்கான நிவாரண முகாம் பட்டியலை அதை வைத்தே போட்டார்கள். பச்சை ஊர்களில் இருக்கும் பள்ளிக்கூடங்கள் முகாம்கள். சிவப்பு ஊர்களின் ஜனங்களை அங்கே கொண்டுபோய்த் தங்க வைக்க வேண்டும். நாத்தனார் ஊர்ப் பள்ளிக்கூடமும் பட்டியலில் இருந்தது. பக்கத்து இரண்டு ஊர்க்காரர்களும் அங்கேதான் வர வேண்டும். பல வருடம் கட்டுரையாக மட்டும் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, தான் போட்ட கணக்கை நம்பி ஒரு மாவட்டம் நடக்கப்போகிறது என்றால் தலைகால் புரியுமா? எனக்குப் புரியவில்லை. பேராசிரியர் பதவி உயர்வுக்கு நான் கொடுத்த விண்ணப்பத்தில் முதல் இணைப்பாக அந்த வரைபடத்தைத்தான் வைத்தேன்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கூப்பிட்டிருந்தாள். அவள் மகனுக்குப் பண்ருட்டி பக்கம் ஒரு பெண் அமைந்துவிடும்போல இருந்தது. பெண் வீட்டார் வருகிற புதன்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். என்ன சமைப்பது, யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச வேண்டுமாம். போய்ச் சேர்ந்ததும் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கூடத்தில் பிளக் பாயின்ட் எங்கே என்று தேடினேன். முன்பு தரையை ஒட்டி ஒன்று இருக்கும், அதைக் காணோம். சுவரில் என் நெஞ்சு உயரத்தில் புதிதாக ஒன்று இருந்தது.

"ஏம்மா, இத ஏன் இவ்ளோ மேல ஏத்தி வெச்சிருக்க?"

"சின்னப் புள்ளைங்க கைய கிய்ய வெச்சிடும்னுதான் அண்ணி."

அந்த வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைக்கு ஆறடி உயரம், மாப்பிள்ளையாகக் காத்திருக்கிறான். "எந்தப் புள்ள?" என்றேன்.

"கல்யாணம் ஆனா பொறக்காதா?" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

கூடத்தில் ஜன்னல் ஓரம் கட்டிலில் அவளுடைய மாமனார் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும், ஆனால் புத்தியில் ஒரு குறையும் இல்லை. அவர் இடது கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, விரல்களை ஆட்டினார்.

"தண்ணி... இங்க... கைய தொட்டுச்சி."

"எப்போ மாமா?"

"மாமா, நீங்க சும்மா இருங்க" என்று அடுப்படியிலிருந்து நாத்தனார் குரல் வந்தது. "அவுருக்கு எதுவும் நெனப்புல நிக்கறதில்ல அண்ணி."

"எனக்கு... நெனப்பு இருக்குது" என்றார் அவர். கோபத்தில் வாய் இன்னும் கோணியது. "நாலு கல்லு வெச்சி... கட்டுல ஏத்துனாங்க. அப்பறமும் தொட்டுச்சி. போன கார்த்திகைல."

நான் கட்டிலைப் பார்த்தேன். அதன் ஒவ்வொரு காலுக்குக் கீழேயும் நான்கு செங்கல்லை மனதில் அடுக்கிப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். ஒரு கறை இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வெள்ளையடிச்சது எப்போ?" என்று கேட்டேன்.

"பொங்கலுக்குதான். வேற எப்ப அடிப்பாங்க?" நாத்தனார் கரண்டியோடு வந்து நின்றாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. "தெருவுல எல்லாரும் ரெண்டு தபா அடிச்சோம், கறை தெரியக் கூடாதுன்னு. தை பொறந்தா பொண்ணு பாக்க, மாப்ள பாக்கன்னு ஆளுங்க வருவாங்க. தண்ணி வர்ற ஊருன்னு தெரிஞ்சா யாரு அண்ணி பொண்ணு குடுப்பா? உங்க பசங்க வந்து கேட்டப்பவும் தண்ணி வரலன்னுதான் சொன்னோம். உங்ககிட்டயும் அதான் சொன்னேன். உங்ககிட்ட ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு பேச முடியுமா?"

வீடு திரும்பியதும் புடவைகூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பொங்கலுக்கு ஒழுங்காக வெள்ளையடிக்கிற ஊர்கள் எல்லாம் இழுப்பு, எல்லாம் பூஜ்யம், எல்லாம் பச்சை. பூசாத செங்கல் சுவர் இருக்கிற காலனிகளில் மட்டும் கோடு அப்படியே இருந்தது, அவை சிவப்பு. ஒரு ஊரில் மாதா கோவில் தெரு மட்டும் சிவப்பாகவும், அதை ஒட்டிய பிள்ளையார் கோவில் தெரு பச்சையாகவும் இருந்தது. தரை மட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த வருடம் அந்த ஊரில் மார்கழியில் கடைசியாக ஒரு தடவை தண்ணீர் ஏறி இறங்கியது. மாதா கோவில் தெருக்காரர்கள் கிறிஸ்துமஸுக்காக அதற்கு முன்பே சுவரை வெளுத்துவிட்டார்கள். புது வெள்ளையில் கோடு பளிச்சென்று விழுந்து நின்றது. மற்ற தெருக்காரர்கள் தண்ணீர் போன பிறகு பொங்கலுக்கு அடித்து அழித்துவிட்டார்கள். இந்த வித்தியாசத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு, "வடிகால் வசதி காரணமாக இருக்கலாம்" என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் வேறு எழுதியிருந்தேன். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, பொங்கலுக்குச் சுண்ணாம்பு வாளி தூக்கிய கை இது. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரிய வேண்டும்? என் மாணவர்களில் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் நான் என்னவெல்லாம் பேசியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். அதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தவறாகப் பச்சை ஆகியிருக்கக்கூடிய ஊர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். தாள் நிரம்பியது. ஐப்பசி மழைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்தப் பட்டியலில் என் கண் போய்ப் போய் நின்றது நாத்தனார் ஊரில்தான். அவள் வீட்டைவிடப் பள்ளிக்கூடம் இன்னும் பள்ளத்தில் இருக்கிறது. மூன்று ஊர் ஜனத்தை அங்கேதான் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், என்மேல் அக்கறை உள்ளவர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மேடம், ப்ரொமோஷன் ஃபைல் மேல போயிருக்கு. இப்பப் போயி வரைபடமே தப்புன்னா என்ன ஆவும்? அடுத்த வருஷம் புதுசா ஒரு பதிப்பு போடுங்க, அதுல சத்தமில்லாம சரி பண்ணிடலாம். எல்லாரும் அப்டிதான பண்றாங்க?"

"அடுத்த வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழை வருமே சார்."

"வராமலும் போலாம்ல?"

இதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தால் நான் ஏதாவது பேசிவிடுவேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வராமலும் போகலாம் என்பதை வைத்துப் பிழைப்பதாக இருந்தால் என் துறையையே மூடிவிடலாமே.

கடலூர் போனேன். மாவட்டத்தில் வெள்ள ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க சொல்றது சரிங்க மேடம். ஆனா தண்ணி வந்ததுக்கு என்ன ஆதாரம்? படுத்த படுக்கையா இருக்கற ஒரு பெரியவர் சொன்னாருன்னு நான் பட்டியல மாத்த முடியாது. ஊர்க்காரங்களே வரலன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. முன்னாடி நீங்களும்தான் எழுதிக் குடுத்தீங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்காதீர்கள் என்று ஒரு பயிற்சிக் கூட்டத்தில் அவருக்கே வகுப்பெடுத்தவள் நான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை. வியாழக்கிழமையே விடுப்பு போட்டுவிட்டு நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெண் வீட்டார் முதல் நாள்தான் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம், தட்டு மாற்ற நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"இந்த ஊருக்குத் தண்ணி வருதுன்னு நான் நிரூபிக்கணும். இல்லன்னா மழையில எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்க. அது முழுகிடும்."

"வந்தா பாத்துக்கலாம் அண்ணி."

"எப்டிப் பாத்துக்குவ? மாமாவ யாரு தூக்குவா, எங்க தூக்கிட்டுப் போவ?"

"பையனோட வாழ்க்கை அண்ணி" என்று மட்டும் சொன்னாள். நான் காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிட ஜாஸ்தியாக வந்தது. ஆனால் விடுவதாக இல்லை. அவள் கதவு திறக்காவிட்டால் அடுத்த கதவைத் தட்டலாம் என்று திரும்பி நடந்தேன். நான்கு வீடு ஏறி இறங்கினேன். "எங்க ஊட்டுக்குள்ள தண்ணி வரலீங்க" என்று நான்கு பேரும் சிரித்த முகத்தோடு சொன்னார்கள். நான்கு வீட்டிலும் பிளக் பாயின்ட் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலையில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"வாங்க அண்ணி. பீரோவ நவுத்தலாம்."

"என்ன பீரோ?"

"கன்னி மூலைல இருக்கற இரும்பு பீரோ. அத யாரும் அசைக்க மாட்டாங்க, ஆவாதுன்னு. வெள்ளையடிக்கறவன் சுத்தி அடிச்சிட்டுப் போயிடுவான். மாமா ரெண்டு நாளா சோறு வேணாங்கறாரு. பொய் சொல்ற ஊட்டுல சாப்ட மாட்டாராம்."

போய்ச் சேர்ந்தபோது அவளும் இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களும் தயாராக இருந்தார்கள். பீரோவுக்கு முன்னால் சூடம் ஏற்றி, கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, நான்கு பேரும் சேர்ந்து தள்ளினோம். சுவரில் பீரோ அளவுக்கு ஒரு கட்டம் பழைய நிறத்தில் இருந்தது. அதன் குறுக்கே, என் தொடை உயரத்தில், பழுப்பாகக் கோடு. அதற்கும் கீழே, பழைய வெள்ளத்தில் விழுந்த இன்னொன்று. நான் டேப்பைப் பிடித்தேன். மறுமுனையை நாத்தனார் பிடித்துக்கொண்டாள். கட்டிலிலிருந்து அவள் மாமனார் எட்டிப் பார்க்க முயன்று, முடியாமல், "இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குது மாமா" என்றாள் அவள்.

அன்று மாலைக்குள் அந்தத் தெருவில் எல்லா வீட்டு பீரோவும் நகர்ந்தது. நான் போய்க் கேட்டபோது திறக்காத கதவெல்லாம் அவள் கேட்டபோது திறந்தது. "என் மவனுக்கே பொண்ணு பேசிக்கினு இருக்கோம், நானே காட்றேன், உங்களுக்கு என்னா?" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. நான் டேப்போடு அவள் பின்னாலேயே போனேன்.

அடுத்த மூன்று வாரம் நானும் மாணவர்களும் பட்டியலில் இருந்த எல்லா ஊருக்கும் மறுபடி போனோம். சுவரைப் பார்க்காதீர்கள், பீரோவுக்குப் பின்னால் பாருங்கள், மீட்டர் பெட்டிக்குள் பாருங்கள், அலமாரிக் கதவின் உட்பக்கம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நிரலில் இருந்த அந்த ஒரு வரியை அழித்தேன். தெரியாததைத் தெரியாது என்றே மாடல் எடுத்துக்கொள்ளும்படி திருத்தினேன். புது வரைபடத்தையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு கடலூர் போனேன். அதிகாரி நிதானமாகப் பார்த்தார்.

"பழைய வரைபடத்துல தப்பு எங்க நடந்துச்சின்னு எழுத்துல குடுத்தீங்கன்னா, பட்டியல மாத்த எனக்கு வசதியா இருக்கும்."

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினேன். மாணவர்கள் அளந்தது சரி, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட முறை தவறு, அந்த முறையை எழுதியது நான். கையெழுத்துப் போட்டேன். அதன் நகலைத் துறைத் தலைவர் மேஜையில் வைத்தபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பதவி உயர்வு ஃபைல் கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. இன்னும் போகவில்லை. நான் இன்றுவரை இணைப் பேராசிரியர்தான்.

புதுப் பட்டியலில் அந்த ஊர் சிவப்பு. பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டு, வடலூர் போகிற சாலையில் மேட்டில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தை முகாமாகப் போட்டார்கள். பட்டியலை ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டினார்கள். அதை யாரோ போட்டோ எடுத்து அனுப்ப, அது பண்ருட்டி வரை போய்விட்டது. பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. தண்ணீர் வருகிற ஊர் என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்களாம். சம்பந்தம் நின்றுவிட்டது. இதை என் கணவர்தான் வந்து சொன்னார். நாத்தனார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். போன் போட்டால் எடுக்க மாட்டாள். தீபாவளிக்கு அண்ணனை மட்டும் வரச் சொன்னாள்.

அவள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், அந்தக் கல்யாணத்தை நிறுத்தியது என் வரைபடம்தான். அதற்காக அதைத் திரும்பப் பச்சை அடிக்க என்னால் முடியாது. இந்த இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானமே, ஆறு கரை மீறுவதற்கு முன்பு, வண்டிகள் வந்து அந்த ஊர் ஜனங்களை மண்டபத்துக்கு ஏற்றிப்போயின. நானும் அதிகாரிகளோடு அங்கே போயிருந்தேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சரிபார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நாத்தனார் வீட்டில் மாமனாரைக் கட்டிலோடு டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவள் என்னைத் தாண்டிப் போனாள். மணமேடைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போடச் சொல்லிவிட்டு, எனக்கு முதுகு காட்டியபடி, காது கேட்கவே சொன்னாள்: "மவன் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வருவேன்னு பாத்தேன். இப்டி வந்துருக்கேன்."

நான் பெயர்களை டிக் அடித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கக் கிளம்பினேன். மண்டப வாசலில் செருப்பு மாட்டும்போது, "நானும் வரேன்" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் நாத்தனார். புடவையை ஏற்றிச் செருகியிருந்தாள். எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். சாலை ஊருக்கு இறங்கும் இடம் வரைதான் போக முடிந்தது. அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் நேராகத் தெரியும். ஜன்னலில் பாதிக் கம்பி வரை தண்ணீர். திறந்து கிடந்த கதவு வழியாக ஒரு பெஞ்சு மிதந்து வெளியே வந்து, படியில் முட்டி நின்றுகொண்டிருந்தது. ஈ காக்கை இல்லை.

அவள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்த ஓரத்து ரூம்லதான் எங்க தெருவ எறக்கியிருப்பாங்க. ஃபேனு இருக்கற ரூமு. மாமாவுக்குக் காத்து வேணும்னு சொல்லி, அந்த ஜன்னலுக்குக் கீழ நானே கட்டுல போடச் சொல்லியிருப்பேன்."

நானும் அந்த ஜன்னலைப் பார்த்தேன்.

"கல்யாணம் நின்னதுக்கு உங்கள நான் மன்னிக்க மாட்டேன் அண்ணி. அது வேற."

"மன்னிக்க வேணாம்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். வலிக்கிற பிடி. அந்த ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அவுருக்குக் கத்தக்கூட வராது அண்ணி."